பித்தளைக் காவலாளிக்குப் போட்ட குரல்

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு ஹசீனாவின் கைபேசியில் அந்தக் கமெண்ட் வந்து விழுந்தது.

‘ஞாயித்துக்கெழமை நானும் வர்றனுங்க. ஆரு ஆருன்னு எல்லாரும் கேக்கறீங்க. நாகலூர் பல்ப்பர் தங்கராஜ் தானுங்க நானு. அம்மிணி கடைக்கு வாரம் தவறாம வர்ற ஆளுதான்.’

படித்தாள். மறுபடி படித்தாள். தராசுத் தட்டில் கிராம்பு வழிந்து மேஜையில் சிதறியது.

“ஏம்மா, கால் கிலோ தானே கேட்டேன்?” என்றார் எதிரே நின்ற சுற்றுலாக்காரர்.

அவள் காதில் விழவில்லை. மலைக்காரன்57 என்ற பெயரில் எட்டு மாதமாக அவளுடைய சேனலில் எழுதிக்கொண்டிருந்தவர் தங்கராஜா? வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை. உலகத்தில் வேறு யாராக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

ஏற்காடு ஏரிக்குப் போகும் வழியில் ஹசீனாவும் கணவன் சாதிக் பாஷாவும் மசாலாக் கடை வைத்திருக்கிறார்கள். மிளகு, ஏலம், காபித்தூள், யூகலிப்டஸ் தைலம். கடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. வார நாளில் மத்தியானம் கூட்டம் இருக்காது. அப்போது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விளையாடுவாள். விளையாடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போடுவாள்.

அவள் விளையாடியது ‘பித்தளைத் துறைமுகம்’ என்ற பழைய விளையாட்டு. வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதில் சுட வேண்டாம், ஓட வேண்டாம். படத்தில் ஒரு பொருளைத் தொட்டால் கதாநாயகி மார்த்தா அதை எடுத்துப் பார்ப்பாள், திருகுவாள், பையில் போட்டுக்கொள்வாள். காணாமல் போன அப்பாவைத் தேடி அவள் போகும் ஊரில் எல்லாமே நீராவியில் ஓடும். கப்பல் நீராவியில் பறக்கும். கதவு நீராவியில் திறக்கும். ஒவ்வொரு கதவிலும் பெர்டினாண்ட் என்ற பித்தளைக் காவலாளிப் பொம்மை வழிமறிக்கும். அதைச் சமாளித்தால்தான் உள்ளே போகலாம்.

விளையாட்டின் ஆங்கிலப் பேச்சை அடைத்துவிட்டு எல்லாப் பாத்திரத்துக்கும் ஹசீனாவே தமிழில் குரல் கொடுத்தாள். முதல் நான்கு பாகங்களை அறுபது பேர் பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் சாதிக்கின் கைவேலை. கடைக்கு வருகிறவர்களின் கைபேசியை வாங்கி, “ஒரு நிமிஷம் குடுங்க, நம்ம ஊட்டுக்காரி சேனலு” என்று அவனே சப்ஸ்க்ரைப் பட்டனை அமுக்கிக் கொடுத்துவிடுவான். வாங்கியவர் மிளகுப் பொட்டலத்தோடு அதையும் வாங்கிக்கொண்டு போவார்.

ஐந்தாம் பாகத்தில் பெர்டினாண்ட் வந்தது. அதற்கு என்ன குரல் கொடுப்பது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தாள். வந்தது தங்கராஜின் குரல்.

“சாவி இல்லீங்களே! இல்லீங்களே சாவி! கதவு தொறக்காதுங்க! தொறக்காதுங்க கதவு!”

வீட்டில் சோறு சாப்பிடும்போது சாதிக்கைச் சிரிக்க வைக்க அவள் செய்கிற கூத்து அது. தங்கராஜ் நாகலூர் எஸ்டேட்டில் காபிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் மெசினில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். செவ்வாய்க்கிழமை கடைக்கு வருவார். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், “பட்டை நூறு குடு கண்ணு! நூறு குடு பட்டை!” என்பார். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை. இரண்டாவது தடவை வார்த்தை இடம் மாறி வரும். அவர் படி இறங்கியதும் சாதிக் வாயைப் பொத்திக்கொள்வான்.

அந்தப் பாகத்தை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

‘சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு அக்கா.’ ‘ஆபீஸ் கேன்டீன்ல எல்லாரும் இப்படித்தான் பேசறோம். டீ வேணுங்க, வேணுங்க டீ.’ ‘பொம்மைக்கு டபுள் மாமான்னு பேரு வெக்கறோம்.’ ஒருத்தி தன் மூன்று வயதுக் குழந்தை அதே மாதிரி பேசுவதைப் படமெடுத்து அனுப்பினாள். இன்னொருவன் கேட்டான்: ‘இந்தக் குரலை எங்க புடிச்சீங்க?’

ஹசீனா அதற்கு பதில் போட்டாள்: ‘என் சொந்தக் கற்பனைங்க.’ பக்கத்தில் கண்ணடிக்கும் படம் ஒன்று.

பதினோராம் பாகத்தில் அவள் மாட்டிக்கொண்டாள். பறக்கும் கப்பலின் எஞ்சின் அறை. நான்கு குழாய், ஒரு பெரிய சக்கரம். எப்படித் திருகினாலும் எஞ்சின் புகையைக் கக்கி நின்றுவிடும். ‘யாராவது வழி சொல்லுங்க’ என்று கேட்டு வைத்தாள். அப்போதுதான் மலைக்காரன்57 முதன்முதலாக எழுதினார்.

‘சக்கரத்துல கை வெக்காதீங்க அம்மிணி. மொதல்ல தண்ணி. இடது கடைசிக் குழாயத் தொறந்து தண்ணி நெறையட்டும். தண்ணி இல்லாம மெசினு ஓட்டுனா தகடு போயிரும்.’

அப்படியே செய்தாள். கப்பல் பறந்தது. கமெண்ட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எங்கே சிக்கினாலும் அவர்தான். பார்வையாளர்கள் அவருக்கு ‘எஞ்சின் ஐயா’ என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் அவர் எழுதினார்: ‘எனக்குக் காது கேக்காதுங்க. படத்தப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன். அந்தப் பொம்மை என்ன சொல்லுதுன்னு ஆராச்சும் எழுதுனீங்கன்னா நல்லது.’

எழுதினார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் பெர்டினாண்டின் வசனத்தை எழுத்தில் போட்டார்கள், இரண்டு இரண்டு தடவையாக, பக்கத்தில் சிரிப்புப் படங்களோடு.

அவர் படித்துவிட்டு எழுதினார்: ‘நல்ல பொம்மைங்க. பொறுப்பான பொம்மை.’

இப்போது சப்ஸ்க்ரைபர் பத்தாயிரத்தைத் தாண்டியதைக் கொண்டாட சேனலின் பார்வையாளரான சேலத்துப் பவித்ரா வேன் பிடித்து இன்னும் பதினொரு பேரோடு ஏற்காடு வருகிறாள். ஞாயிறு பதினொரு மணி, ஏரிக்கரைப் பூங்கா. எஞ்சின் ஐயா கட்டாயம் வர வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டிருந்தார்கள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும். பன்னிரண்டு பேரும் அவர் முகத்துக்கு நேரே வெடித்துச் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு மட்டும் தெரியாது.

“காய்ச்சல்னு சொல்லிரு” என்றான் சாதிக்.

“அவங்க கெளம்பத் தயாராயிட்டாங்கங்க. வேனுக்குச் சொல்லியாச்சு.”

“அப்ப அந்தாளை வர வேண்டாம்னு சொல்லு. பூங்கா பூட்டிட்டாங்கன்னு சொல்லு.”

“எட்டு மாசமா எனக்கு வழி சொன்ன மனுசனுங்க.”

“அது தெரிஞ்சு என்ன பண்றது? நான் அந்தாளு போனை வாங்கி அமுக்காம இருந்திருக்கணும்.” சாதிக் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் அவன் உதட்டோரத்தில் சிரிப்பு ஒன்று துடித்து அடங்கியதை அவள் பார்த்தாள். அந்தச் சிரிப்பை ஊட்டி வளர்த்தவள் அவள்தான்.

“போயி நேர்ல சொல்லிட்டு வந்தர்றேன்” என்றாள். “அவங்க சிரிச்சுத் தெரியறதுக்கு முன்னாடி நான் சொல்லித் தெரியட்டும்.”

சொல்ல வாய் வராது என்பது அவளுக்கே தெரியும். அதனால் ராத்திரி எழுதி வைத்துக்கொண்டாள். அரைப்பக்கம். கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிப்பதற்குள் பஸ் ஏறிவிடலாம் என்பது திட்டம்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு நாகலூரில் இறங்கினாள். தங்கராஜின் வீட்டைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் வழி காட்டியது.

“ஆட்டைக் கட்டு அத்தாயி! அத்தாயி, கட்டு ஆட்டை!”

வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி அத்தாயியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹசீனாவைப் பார்த்ததும் தங்கராஜ் எழுந்தேவிட்டார். முகமெல்லாம் பல்.

“வா கண்ணு! கண்ணு வா! அத்தாயி, ஆரு வந்திருக்கறது பாரு! இதுதான் அந்த அம்மிணி! மார்த்தா அம்மிணி!”

“ஊடு தேடி வந்திருக்குது, உக்காரச் சொல்லுங்க மொதல்ல” என்றாள் அத்தாயி. பிறகு ஹசீனாவிடம், “நாலு நாளா இதே பேச்சு சாமி. வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கக் குடுத்தாச்சு. கல்யாணத்துக்குக் கூட அப்படிக் கெளம்புனதில்ல.”

அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். பறக்கும் கப்பலின் எஞ்சின் அறை, பென்சிலில். ஒவ்வொரு குழாய்க்கும் எண். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம். பெர்டினாண்டைக் கூட வரைந்திருந்தார். பொம்மையின் தொப்பியில் பித்தளை ஆணிகளை எண்ணி எண்ணிப் போட்டிருந்தார்.

“நாளைக்கு இதைக் காட்டலாமுல்ல? காட்டலாமுல்ல இதை?”

ஹசீனா பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். 

அவர் வாங்கினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டார். “கண்ணாடி தேய்ப்புக்காரன்கிட்ட சட்டைப் பையோட போயிருச்சு கண்ணு! நீயே படி! படி நீயே!”

அவள் வாசலைப் பார்த்தாள். நான்கு பெண்கள். அடக்கமான குரலில் ஆரம்பித்தாள். “ஐயா, நான் ஒரு தப்பு பண்ணிட்டனுங்க.”

“என்ன?”

“தப்பு பண்ணிட்டேன்.”

“சத்தமா, கண்ணு! கண்ணு, சத்தமா!”

“மெசினு வாங்கிக் குடுத்தானுங்க பையன், காதுல மாட்டறது” என்றாள் அத்தாயி. “தலை வலிக்குதுன்னு கழட்டி வெச்சுட்டாரு. நீ கத்துனாத்தான் கேக்கும் சாமி.”

வேறு வழியில்லை. ஹசீனா கத்தினாள்.

“பொம்மைக்கு உங்க குரலைப் போட்டனுங்க!”

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். “எதைப் போட்ட?”

“உங்க குரலு! நீங்க பேசற மாதிரி! பொம்மை நீங்க பேசற மாதிரிப் பேசுதுங்க!” தொண்டை கிழிந்தது. “எல்லாரும் அதைக் கேட்டுச் சிரிச்சாங்க! நான்தான் சிரிக்க வெச்சேன்! எல்லாரும் சிரிச்சாங்க!”

மிளகு பொறுக்கிய கைகள் நின்றன. எதிர்வீட்டுக் கதவில் ஒரு தலை தெரிந்தது. அவள் தன் குரலைத் தானே கேட்டாள். ஊர் கேட்கும் சத்தத்தில், சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

தங்கராஜின் சிரிப்பு உடனே போகவில்லை. அவருக்குப் புரியவில்லை. “நான் பேசறதா? அதுல சிரிக்க என்ன இருக்குது?” அத்தாயியைப் பார்த்தார். “நானு எப்படிப் பேசறேன்? எப்படிப் பேசறேன் நானு?”

 பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த விதத்திலேயே தெரிந்தது, அவள் வீட்டிலும் அந்தக் கூத்து நடக்கிறது என்று.

அத்தாயி எழுந்து வந்தாள். அவர் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினாள். “ரெண்டு தடவை சொல்லுவீங்க. எதைச் சொன்னாலும்.”

அவர் அந்த விரல்களையே பார்த்தார். வெகு நேரம் கழித்துத்தான் சிரிப்பு முகத்தை விட்டு இறங்கியது.

“பல்ப்பர் ஓடறப்ப மொதத் தடவை சொல்றது மெசினுக்குப் போயிருங்க” என்றார், யாரிடம் என்றில்லாமல். “ரெண்டாந்தடவை சொல்றதுதான் ஆளுக்குக் கேக்கும். ‘நிறுத்து’ன்னு ஒருக்காச் சொல்லி விட்டதுல எங்கூட வேலை செஞ்சவனுக்கு மூணு வெரலு போச்சு. அப்பறம் நானு எதையும் ஒருக்காச் சொல்றதில்ல.”

ஹசீனா கும்பிட்ட கையோடு நின்றாள். “மன்னிச்சுருங்க ஐயா. எல்லா வீடியோவையும் எடுத்தர்றேன். நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க.”

கத்திச் சொல்ல அவளிடம் சத்தம் மிச்சமில்லை. அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“நாலு மணிக்கு பஸ்ஸு, போ சாமி” என்றாள் அத்தாயி. காபி குடிக்கிறாயா என்று அவள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஹசீனா பெர்டினாண்ட் வருகிற இருபத்திரண்டு பாகங்களையும் நீக்கினாள். நீக்கும்போதுதான் கவனித்தாள், எஞ்சின் ஐயா எழுதியதெல்லாம் அதோடு சேர்ந்து போனது.

ஞாயிறு பதினொரு மணி. பூங்காவில் வெயில் நன்றாக அடித்தது. பவித்ராவும் கூட்டமும் புல்லில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் பவித்ரா கேக் கொண்டுவந்திருந்தாள். சரவணன் என்ற ஈரோட்டுப் பையன் ‘டபுள் மாமா’ என்று அச்சடித்த பனியன் போட்டிருந்தான்.

“வீடியோ எல்லாம் காணமே அக்கா, என்னாச்சு?”

“ஏதோ ப்ராப்ளம்” என்றாள் ஹசீனா. நேற்று கத்திய தொண்டை கம்மியிருந்தது. உண்மையைச் சொல்ல நினைத்துத்தான் வந்திருந்தாள். ஆனால் பன்னிரண்டு முகமும் அவளையே பார்த்துச் சிரித்தன. எஞ்சின் ஐயா வரமாட்டார். வராதபோது இவர்களுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? கேக்கை வெட்டினால் முடிந்தது.

“ஒரு தடவை டபுள் மாமா பேசிக் காட்டுங்க அக்கா!”

“தொண்டை சரியில்லைப்பா.”

“அப்ப நாங்க பேசறோம்! கேக்கு வெட்டுங்க! வெட்டுங்க கேக்கு!” பன்னிரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் வாசல் கேட்டைத் தாண்டி வெள்ளைச் சட்டை ஒன்று வந்தது. கையில் ஒரு துணிப்பை, கக்கத்தில் நோட்டு.

ஹசீனா எழுந்து நின்றாள்.

தங்கராஜ் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். வாயைத் திறக்கவில்லை.

“எஞ்சின் ஐயாவா?” பவித்ரா துள்ளி எழுந்தாள். அவர் தலையை ஆட்டினார். நோட்டைப் பிரித்தார். எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டி, கையால் குழாயைத் திருகுவது போலச் செய்தார். உள்ளங்கையை மெல்ல உயர்த்தினார், தண்ணீர் ஏறுவது போல. பிறகு விரலை வட்டமாகச் சுற்றினார். அத்தனையும் தெளிவாகப் புரிந்தது. பல்ப்பர் இரைச்சலில் வேலை செய்தவர்களின் கை அது. உதடு மட்டும் ஒட்டியபடி இருந்தது.

சரவணன் ஏதோ கேட்டான். அவர் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதிக் காட்டினார்.

பவித்ரா ஹசீனாவின் காதோரம் குனிந்தாள். “பாவம் அக்கா. காது மட்டுந்தான் கேக்காதுன்னு நெனச்சோம். பேசவும் வராதா அவருக்கு?”

பக்கத்தில் இருந்தவள் “ச்சொ” கொட்டினாள். ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு அந்த இரக்கம் பரவியது. ஆமாம் என்று தலையசைத்தால் போதும். அத்தோடு போய்விடும். யாரும் சிரிக்க மாட்டார்கள். யாருக்கும் தெரியாது. அவளைக் காப்பாற்றத்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா?

“வரும்” என்றாள் ஹசீனா. “நல்லாப் பேசுவாரு.”

“பின்ன ஏன் பேச மாட்டேங்கறாரு?”

“பேசுனா நீங்க சிரிப்பீங்க.”

பவித்ராவுக்குப் புரியவில்லை.

“அந்தப் பொம்மைக் குரலு என் கற்பனை இல்ல. அது இவரோட குரலு. நான் திருடிக் கேலி பண்ணுனது. நேத்துத்தான் இவருக்குத் தெரியும்.”

 பன்னிரண்டு பேரின் கண்களும் அவள் மேல் இருந்தன. எட்டு மாதமாகக் குரலிலும் எழுத்திலும் மட்டும் அறிந்தவர்கள் அவளைப் பார்த்த முதல் உண்மையான பார்வை அது. பிறகு ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். எழுதிப் போட்டதெல்லாம் அவர்களுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். சரவணன் அந்த வெயிலில் ஜெர்கினை எடுத்து மாட்டி, கழுத்து வரை ஜிப்பை இழுத்தான்.

தங்கராஜ் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். தன் கையை யாரும் பார்க்கவில்லை என்பதைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து ஹசீனாவிடம் நிறுத்தினார். அவள் சொல்லிவிட்டாள் என்பது அவருக்கு விளங்கியது. உயர்ந்திருந்த கை கீழே இறங்கியது.

பவித்ரா அவர் முன்னால் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும் என்று நினைவு வந்து, சத்தம் போட வாய் வராமல், நின்றாள்.

அவர் துணிப்பையை அவிழ்த்தார். உள்ளே ஆரஞ்சு. வீட்டு மரத்துக் காய், பச்சையும் மஞ்சளுமாக. குனிந்து ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைத்தார். சரவணனுக்கும் வைத்தார். கடைசியில் ஹசீனாவிடம் வந்தார். முகத்தைப் பார்க்காமல் அவள் கையிலும் ஒன்று வைத்துவிட்டு, பையை உதறி நான்காக மடித்துக்கொண்டு, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

அவரை நிறுத்த வேண்டுமானால் கத்திக் கூப்பிட வேண்டும். பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் குரல் வரவில்லை.